வயிற்று ஆபரேஷனும் வாந்தி பயமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பித்தப்பைக் கல், குடலிறக்கம், அப்பென்டிக்ஸ், கர்ப்பப்பை என்று வயிற்றில் ஏதோ ஓர் ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. கத்தியைப் பற்றியோ வலியைப் பற்றியோ அவ்வளவு கவலை இல்லை. மயக்கம் தெளிந்ததும் குமட்டுமே, வாந்தி வருமே என்ற நினைப்புதான் தூங்க விடாமல் செய்கிறது. அப்படிப்பட்டவர்களுக்கான பக்கம் இது. நான் டாக்டர் இல்லை. சின்ன வயதிலிருந்தே இந்தப் பயம் உள்ளவள், சென்னையில் பித்தப்பையை எடுத்துக்கொண்டவள். தெரிந்தவர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் போன் செய்து கேட்ட கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். எந்த மருந்து, எவ்வளவு என்பதில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் கணக்கு.

வாந்திக்குப் பயம் என்றால் வீட்டில் சிரிக்கிறார்கள். இது நிஜமாகவே ஒரு பிரச்சினையா?

நிஜமான பிரச்சினைதான். எமெட்டோஃபோபியா என்று மனநல மருத்துவத்தில் இதற்குப் பெயரே இருக்கிறது. சிலருக்குத் தான் வாந்தி எடுப்பதில் பயம், சிலருக்கு மற்றவர் எடுப்பதைப் பார்ப்பதில். நாலு பேர் எதிரே எடுத்துவிடுவோமோ என்று மட்டும் பயப்படுகிறவர்களும் உண்டு. கல்யாணப் பந்தியில் எல்லாவற்றையும் முகர்ந்து பார்த்துவிட்டுச் சாப்பிடுகிறவர், வெளியூர் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் ஏறாதவர், மசக்கைக்குப் பயந்தே பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போட்டவர் என்று இந்தக் கூட்டம் பெரியது. வெளியே சொல்லாததால் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பயம் இல்லாதவர்களுக்கும் வாந்தி பிடிக்காது. 1999-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வில், மயக்கம் தெளிந்ததும் எது நடக்கவே கூடாது என்று நோயாளிகளை வரிசைப்படுத்தச் சொன்னார்கள். வலியைத் தாண்டி வாந்திதான் முதலில் வந்தது. அதனால் மயக்க மருந்து டாக்டர்கள் இந்த விஷயத்தை உங்கள் வீட்டுக்காரர்களைவிட மதிக்கிறார்கள்.

யாரிடம் சொல்ல வேண்டும்? சர்ஜனிடமா?

சர்ஜனிடமும் சொல்லலாம், தப்பில்லை. ஆனால் முக்கியமாகச் சொல்ல வேண்டியது மயக்க மருந்து டாக்டரிடம். வாந்தியைத் தடுக்கும் மருந்துகள் எல்லாம் அவர் கையில்தான் இருக்கின்றன. ஆபரேஷனுக்கு முன்னால் ‘ஃபிட்னஸ் வாங்கிட்டு வாங்க’ என்று ஓரிடத்துக்கு அனுப்புவார்களே, அங்கே ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி. எல்லாம் பார்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, பல் ஆடுகிறதா என்று கேட்பவர் அவர்தான். நம்மில் பாதிப் பேர் அந்த அறையில் ஆமாம், இல்லை என்பதைத் தவிர எதுவும் பேசாமல் வெளியே வந்துவிடுகிறோம். என் கணக்கில் இந்தப் பக்கம் முழுவதிலும் உருப்படியான ஒரே யோசனை, அங்கே வாயைத் திறந்து சொல்வதுதான்.

நான் போனபோது நடந்தது இது. எல்லாம் முடிந்து அந்த டாக்டர் பேனாவை மூடப்போனார். “வேற ஏதாவது சொல்லணுமாம்மா?”

“வாந்தின்னா எனக்கு ரொம்பப் பயம் மேடம். வலிகூடப் பரவாயில்லை.”

சிரிக்கவில்லை. பேனாவை மறுபடி திறந்தார். “பஸ்ல போனா வருமா?”

“ஏற்காடு மலை ஏறினா கண்டிப்பா வரும்.”

“மசக்கை எப்படி இருந்தது?” அதற்கும் சொன்னேன். எழுதிக்கொண்டார். “சரிம்மா, ரெண்டு மூணு மருந்து சேர்த்தே குடுத்துடறேன். வரவே வராதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். வந்தா உடனே பார்த்துக்க பக்கத்துல ஆள் இருக்கும்.”

‘ஒண்ணும் ஆகாது, தைரியமா இருங்க’ என்று ஊரே சொன்னதைவிட ‘சத்தியம் பண்ண மாட்டேன்’ என்று அவர் சொன்னதுதான் எனக்குத் தெம்பாக இருந்தது. வரவே வராது என்று யாராவது சொன்னால் நம்மைப் போன்றவர்கள் மனதுக்குள் நம்புவதில்லை.

அரசு மருத்துவமனையில் கூட்டம். நின்று பேச நேரம் கிடைக்குமா?

பெரியாஸ்பத்திரியிலும் ஸ்டான்லியிலும் கீழ்ப்பாக்கத்திலும் ஃபிட்னஸ் பார்க்கும் இடத்தில் வரிசை நீளம்தான். ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். வாந்திக்கு அதிகமாகப் பயப்படுகிறேன்; பஸ், கார் பயணத்தில் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை; முன்பு மயக்கம் கொடுத்தபோது வாந்தி வந்தது; இன்னின்ன மாத்திரை சாப்பிடுகிறேன். இவ்வளவு போதும். கேஸ் ஷீட்டோடு சேர்த்துக் கொடுத்துவிட்டால், அன்று தியேட்டரில் வேறு டாக்டர் இருந்தாலும் அவர் கண்ணில் படும்.

மாத்திரைப் பட்டியலில் ஒன்றை மறக்க வேண்டாம். சர்க்கரைக்கும் உடல் எடை குறைக்கவும் இப்போது போட்டுக்கொள்கிறார்களே, மவுஞ்சாரோ, ஓசெம்பிக் போன்ற ஊசிகள், அவை இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். வழக்கமான நேரம் பட்டினி கிடந்தும் வயிற்றில் உணவு தங்கியிருக்கலாம். எடை குறைக்க ஊசி போடுவதைச் சொல்லக் கூச்சப்பட்டு மறைக்கிறவர்கள் உண்டு. இந்த இடத்தில் மறைக்கக் கூடாது. எப்போது நிறுத்துவது என்பதை நீங்களாக முடிவு செய்யவும் கூடாது.

எனக்கு வாந்தி வர எவ்வளவு வாய்ப்பு?

மொத்தமாகப் பார்த்தால் மயக்கம் கொடுத்து ஆபரேஷன் செய்துகொள்கிறவர்களில் பத்துக்கு மூன்று பேருக்குக் குமட்டலோ வாந்தியோ வருகிறது. ஆனால் ஆளுக்கு ஆள் இது மாறும். கிறிஸ்டியன் அப்ஃபெல் என்ற மயக்க மருந்து நிபுணரும் அவருடன் வேலை செய்தவர்களும் 1999-ல் ஓர் எளிய கணக்கைச் சொன்னார்கள். உலகம் முழுக்க இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். நாலே விஷயம்: பெண்ணாக இருப்பது, புகை பிடிக்காதவராக இருப்பது, பயணத்தில் குமட்டும் சுபாவமோ முந்தைய ஆபரேஷனுக்குப் பிறகு வாந்தி வந்த அனுபவமோ இருப்பது (இரண்டும் சேர்ந்து ஒரே கணக்கு), ஆபரேஷனுக்குப் பின் மார்ஃபின் வகை வலி மருந்து. ஒன்றும் இல்லாவிட்டால் வாய்ப்பு சுமார் 10 சதவீதம். ஒன்று இருந்தால் 20, இரண்டுக்கு 40, மூன்றுக்கு 60, நாலுக்கும் தலையாட்டினால் 80. தடுப்பு மருந்து எதுவும் கொடுக்காதபோது உள்ள கணக்கு இது. லேப்ராஸ்கோப்பி (சின்னத் துளை வழியே செய்வது), பித்தப்பை, கர்ப்பப்பை ஆபரேஷன்களில் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

(புகை பிடிப்பவர்களுக்கு வாந்தி குறைவு என்று படித்ததும் என் தம்பி முகத்தில் வந்த பெருமிதத்தைப் பார்க்க வேண்டுமே. நுரையீரலுக்கும் தையல் ஆறுவதற்கும் அது செய்யும் கெடுதலை மயக்க மருந்து டாக்டரிடம் கேட்டால் தெரியும்.)

இந்தப் பட்டியலில் பயம் இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘இவ்வளவு பயப்படுகிறேனே, அதனாலேயே நிச்சயம் வரும்’ என்று நினைத்துக்கொண்டிருந்தால் அதை விட்டுவிடலாம். எனக்கு முதல் மூன்றும் உண்டு. நாலாவது மட்டும் டாக்டர் கொஞ்சம் மாற்றிப் பார்க்கக்கூடியது.

வாந்திக்கு ஊசி போட்டுவிட்டால் வராதுதானே?

குறையும். அறவே வராது என்று சொல்ல முடியாது.

நம் ஊரில் பெரும்பாலும் ஒண்டான்செட்ரான் போடுவார்கள். எமெசெட் என்றால் எல்லோருக்கும் தெரியும். குடலிலிருந்து மூளைக்கு வாந்திச் செய்தியைக் கொண்டு போவதில் செரட்டோனின் என்ற ரசாயனத்துக்குப் பங்கு உண்டு. அந்த வழியை இது மறிக்கிறது. கூடவே டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை ஒரே ஒரு தடவை, மயக்கம் கொடுத்த உடனே, போடுவது உண்டு. சர்க்கரை உள்ளவர்களுக்கு அன்றும் மறுநாளும் அளவு ஏறலாம் என்பதால் யோசித்துப் போடுவார்கள்.

2004-ல் 5,000-க்கு மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வில், இப்படிப்பட்ட மருந்து ஒவ்வொன்றும் வாய்ப்பில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கைக் குறைத்தது. ஒன்றோடு ஒன்று சேர்த்தால் பலனும் சேர்ந்தது. 60 சதவீதத்தில் ஆரம்பித்தவருக்கு ஒரு மருந்தில் 45, இரண்டில் 33 அல்லது 34. வாயு மயக்கத்துக்குப் பதிலாக ரத்தக்குழாய் வழியே புரோபோஃபால் என்ற மயக்க மருந்தை மட்டும் கொடுத்தால் இன்னும் கொஞ்சம் இறங்கும். அதனால்தான் ஒரே மருந்தை அதிகமாகக் கொடுக்காமல் இரண்டு மூன்று விதமாகச் சேர்க்கிறார்கள். பயத்தை முன்கூட்டியே சொன்னால் இந்தச் சேர்க்கையை அவர் திட்டமிட முடியும்.

பாட்டி, பெரியம்மா எல்லாம் ‘ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு நாள் குடலே வெளிய வர்ற மாதிரி வாந்தி’ என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஈதர் என்ற பழைய மயக்க மருந்தின் காலத்துக் கதை அது. ஒண்டான்செட்ரானுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததே 1991-ல்தான். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் பட்டதை வைத்து உங்களுக்கு என்ன நடக்கும் என்று கணிக்க முடியாது.

வாந்திக்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. மெட்டோகுளோப்ரமைடு, அதாவது பெரினார்ம், சிலருக்கு உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் ஒரு தவிப்பைக் கொடுக்கும். நம்மைப் போன்றவர்கள் அதைப் பயம் என்று நினைத்துக்கொள்வோம். அப்படி இருந்தால் சிஸ்டரிடம் சொல்லுங்கள். மருந்தால் வந்தது என்றால் அதற்கும் மாற்று இருக்கிறது.

முதுகில் ஊசி போட்டால் வாந்தி கிடையாது என்கிறார்களே?

முழு மயக்கத்தைவிடக் குறைவு என்பது பொதுவாகச் சரி. அடிவயிற்றுக் குடலிறக்கம், சிசேரியன் போன்றவற்றை அப்படிச் செய்வதுண்டு. ஆனால் முதுகு ஊசி போட்ட சில நிமிடங்களில் ரத்த அழுத்தம் இறங்கினால் திடீரென்று குமட்டும். பலருக்கு முதல் அறிகுறியே அதுதான். பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காமல் ‘குமட்டுது டாக்டர்’ என்று சொல்லிவிடுங்கள். அழுத்தத்தை ஏற்றும் மருந்து கையிலேயே வைத்திருப்பார்கள். ஏறியதும் குமட்டல் பெரும்பாலும் போய்விடும். எந்த மயக்கம் என்பதை ஆபரேஷன் முடிவு செய்யும். லேப்ராஸ்கோப்பியில் வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடை நிரப்புவார்கள் என்பதால் பெரும்பாலும் முழு மயக்கம்தான்.

மயக்கத்தில் இருக்கும்போதே வாந்தி வந்து மூச்சடைத்துவிட்டால்?

இதற்காகத்தான் பட்டினி போடுகிறார்கள். வயிற்றில் உள்ளது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கக் கூடாது. திட்டமிட்ட ஆபரேஷனில் வயிறு காலியாக இருக்கும், மூச்சுக் குழாய்க்குள் டியூப் வைத்து, வயிற்றில் உள்ளது நுரையீரலுக்குள் இறங்கும் வழியை அடைத்திருப்பார்கள். அதனால் அப்படி நடப்பது மிக அரிது. அவசர ஆபரேஷன் என்றால் அதற்குத் தனி முறை வைத்திருக்கிறார்கள்.

பொது விதி: லேசான சாப்பாட்டுக்கு 6 மணி நேரம், எண்ணெயும் கறியுமாகச் சாப்பிட்டிருந்தால் 8, தண்ணீர், பால் சேர்க்காத டீ போன்ற தெளிந்த பானத்துக்கு 2. இங்கே சென்னைக்காரர்கள் வழுக்குகிற இடம் ஃபில்டர் காபி. ‘ஒரு வாய் காபிதானே, தண்ணிதானே அது’ என்று காலையில் குடித்துவிட்டு வந்து நிற்பார்கள். பால் சேர்ந்துவிட்டால் அது சாப்பாட்டுக் கணக்கு. மோரும் அப்படித்தான். ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிடுவார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு இன்னொரு நாள் காத்திருப்பதைவிடப் பெரிய தண்டனை வேறு இல்லை.

முதல் நாள் காலையிலிருந்தே சாப்பிடாமல் இருந்தால் இன்னும் பாதுகாப்புதானே?

இல்லை. வெறும் வயிற்றிலும் பித்தம் வரும், நீர்ச்சத்து குறைந்தால் குமட்டல் கூடும். ஒரு வாரத்துக்கு முன்னாலிருந்தே பயத்தில் பாதிச் சாப்பாடு சாப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். புண் ஆறுவதற்கு உடம்பில் சத்து வேண்டும். சொன்ன நேரம் வரைக்கும் சாப்பிடுங்கள், அனுமதித்த நேரம் வரைக்கும் தண்ணீர் குடியுங்கள். சில ஆஸ்பத்திரிகளில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். உங்கள் முறை மத்தியானம் என்றால், காலையில் தண்ணீர் குடிக்கலாமா என்று கேட்டு வாங்கிக்கொள்வதில் தவறே இல்லை.

குடல் ஆபரேஷனுக்கு முன், குடலைச் சுத்தமாக்கும் பெக்லெக் மருந்தைக் குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். நினைத்தாலே குமட்டுகிறது.

எல்லா வயிற்று ஆபரேஷனுக்கும் இது கிடையாது, சில குடல் ஆபரேஷன்களுக்குத்தான். இரண்டு லிட்டர் உப்புச் சுவைத் தண்ணீர். பிரிட்ஜில் நன்றாகக் குளிர வைத்து, ஸ்ட்ரா போட்டு, நாக்கின் பின்பக்கமாக உறிஞ்சுங்கள். குமட்டினால் கால் மணி, அரை மணி நிறுத்திவிட்டுத் தொடரலாம். ஒரே மூச்சில் குடித்து முடிக்கும் வீரம் வேண்டாம். வாந்திக்கு மாத்திரை ஒன்றை முன்னாடியே போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், பெரும்பாலும் எழுதித் தருவார்கள்.

மயக்கம் தெளியும்போது எப்படி இருக்கும்? உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்.

சொல்கிறேன். யாரோ பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது தூரத்தில் கேட்கும். தொண்டை கரகரக்கும், டியூப் இருந்த இடம். குளிரும். கண் இமை கனமாக இருக்கும். எனக்கு வாயில் எச்சில் ஊற ஆரம்பித்ததும் தெரிந்துவிட்டது. ‘சிஸ்டர்’ என்று சொன்னேனா, சொல்ல நினைத்தேனா தெரியாது, கன்னத்தை ஒட்டிச் சில்லென்று ஒரு கிட்னி ட்ரே வந்துவிட்டது. “எழுந்திருக்காதீங்கம்மா. தலையை மட்டும் இந்தப் பக்கம் திருப்புங்க, போதும்.” வந்தது கசப்பாகக் கொஞ்சம் மஞ்சள் தண்ணீர், இரண்டு மடக்குகூட இருக்காது. அவர் ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்துவிட்டு, டிரிப்ஸ் லைனில் ஏதோ ஊசியைப் போட்டார். நான் தூங்கிப்போனேன்.

எத்தனையோ வருஷமாகப் பயந்துகொண்டிருந்தது அவ்வளவுதான். மயக்கத்தின் மிச்சம் உடம்பில் இருக்கும்போது பயமும் பாதித் தூக்கத்தில்தான் இருக்கிறது. இதை யாரும் முன்னால் சொல்லவில்லை. எல்லோருக்கும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். சிலருக்கு ஒன்றுமே வராது, சிலருக்கு ஒரு நாள் முழுக்க விட்டு விட்டுக் குமட்டும். பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் அடங்கிவிடுகிறது.

அந்த நேரத்தில் உதவுபவை சில: சட்டென்று எழுந்து உட்காராதீர்கள், தலையணையை மெதுவாக உயர்த்தச் சொல்லுங்கள். மேலே சுற்றும் ஃபேனைப் பார்க்க வேண்டாம், அசையாத ஏதாவது ஒன்றைப் பாருங்கள். மூக்கால் மெதுவாக மூச்சை இழுத்து, வாயால் அதைவிட மெதுவாக விடுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த துண்டை, ஊசி போடும் முன் கையைத் துடைப்பார்களே அதை, மூக்கருகே வைத்து முகர்ந்தால் குமட்டல் தணிகிறது என்று சில ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. சிஸ்டரிடம் கேட்டால் கொடுப்பார். ‘இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்’ என்று அடக்கிக்கொண்டு கிடக்காமல், ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவது எல்லாவற்றையும்விட நல்லது.

வாந்தி எடுத்தால் தையல் பிரிந்துவிடுமா?

ஒன்றிரண்டு தடவை வந்ததால் பிரியாது. வயிற்றுச் சுவரின் தையல் இருமல், தும்மல், ஓங்கரிப்பு எல்லாவற்றையும் எதிர்பார்த்துத்தான் போடப்படுகிறது. வலிக்கும் என்பது உண்மை. ஒரு சின்னத் தலையணையையோ மடித்த போர்வையையோ தையல் மேல் வைத்து இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டால் வலி பெருமளவு குறையும். இருமும்போதும் இதையே செய்யலாம். வீட்டிலிருந்து ஒரு குட்டித் தலையணை கொண்டு போங்கள். வாந்திக்குப் பிறகு தையல் இடத்தில் திடீரென்று ஈரமோ ரத்தமோ தெரிந்தால், அல்லது ‘ஏதோ விட்டுப்போன’ மாதிரி உணர்ந்தால் உடனே காட்டுங்கள்.

மூக்கில் டியூப் போடுவார்களா?

ரைல்ஸ் டியூப் எல்லோருக்கும் கிடையாது. குடல் அடைப்பு போன்றவற்றில் போடுவார்கள். போடும்போது ஓங்கரிக்கும், அதை மறைக்க முடியாது. ஆனால் வயிற்றில் தேங்குவதை அது வெளியே எடுத்துவிடுவதால், அந்த நிலையில் அதுதான் வாந்தியிலிருந்து காப்பாற்றுகிறது. சில ஆபரேஷன்களில் மயக்கத்தில் இருக்கும்போதே போட்டு, எழுப்பும் முன்பே எடுத்துவிடுவார்கள். உங்களுக்குத் தெரியவே தெரியாது.

வார்டில் பக்கத்துக் கட்டில்காரர் வாந்தி எடுத்தால் என்ன செய்வேன்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள்தான் எனக்கு மிகவும் நெருக்கமானவர்கள். தனி அறை எடுக்க வசதி இருந்தால் நல்லது. பொது வார்டு என்றால் ஓரக் கட்டிலோ ஜன்னல் பக்கமோ கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். காதில் மாட்டிக்கொள்ள ஹெட்போன், போனில் பழக்கமான பாட்டோ பட்டிமன்றமோ, கைக்குட்டையில் உங்களுக்குப் பிடித்த வாசனை. மல்லிகைப்பூ வேண்டாம், அந்த நேரத்தில் அதுவே தூக்கியடிக்கும். பக்கத்துக் கட்டில்காரர் எடுப்பது மயக்க மருந்தால், அது தொற்றாது.

அவர் அருகே வேறு யாரும் இல்லாமல் சிஸ்டரைக் கூப்பிட முடியாமல் தவித்தால், கண்ணை மூடிக்கொண்டாவது பெல்லை அழுத்துங்கள். நான் அழுத்தியிருக்கிறேன்.

வலி மருந்தால் வாந்தி வருமாமே? அப்படியானால் வலியைப் பொறுத்துக்கொள்ளட்டுமா?

வேண்டாம். வலியே குமட்டலைக் கொடுக்கும், வலியில் மூச்சை இழுக்காமல் படுத்திருந்தால் நெஞ்சில் சளி கட்டும். நம் ஊரில் ஆபரேஷனுக்குப் பிறகு டிரமடால் அதிகம் போடுகிறார்கள். குமட்டலுக்குப் பேர்போன மருந்து அது. பாரசிட்டமால் டிரிப்ஸ், டைக்ளோஃபினாக் போன்றவை, வயிற்றுச் சுவரிலேயே போடும் மரத்துப்போகும் ஊசி என்று மாற்று இருக்கிறது. சிறுநீரகம், அல்சர் எல்லாம் பார்த்து டாக்டர் தேர்ந்தெடுப்பார். ‘டிரமடாலைக் குறைத்துக்கொள்ள முடியுமா’ என்று முன்பே கேட்டு வையுங்கள்.

டிரிப்ஸில் மெட்ரோஜில் என்ற கிருமிக்கொல்லி மருந்து போகும்போது வாயில் இரும்பு மாதிரி ஒரு சுவை வரும், கூடவே குமட்டும். மருந்தின் குணம் அது. லேப்ராஸ்கோப்பிக்குப் பிறகு தோள்பட்டை வலித்தாலும் பயப்பட வேண்டாம், உள்ளே மிஞ்சிய வாயுவால் வருவது. நடக்க நடக்கக் குறையும்.

கூட இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும்?

‘வாந்தி வருதா? வாந்தி வருதா?’ என்று அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் கேட்காமல் இருந்தாலே பெரிய உபகாரம். வார்டுக்குள் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. தலைக்கு எண்ணெய், முகத்துக்கு பவுடர், சென்ட் எல்லாம் அடக்கமாக இருக்கட்டும். பார்க்க வரும் சித்தி கொண்டுவரும் ஹார்லிக்ஸை டாக்டர் சரி சொல்லும் வரை கொடுக்காமல், மனம் நோகாமல் வாங்கி வைப்பதும் அவர்கள் வேலை. ட்ரே எங்கே இருக்கிறது, டிஷ்யூ எங்கே, பெல் வேலை செய்கிறதா என்று நீங்கள் தியேட்டரில் இருக்கும்போதே பார்த்து வைத்துவிட்டால் போதும்.

எப்போது சாப்பிடலாம்? என்ன சாப்பிடலாம்?

பித்தப்பை, குடலிறக்கம் போன்றவற்றில் அன்றைக்கே தண்ணீரும் மறுநாள் இட்லியும் வந்துவிடும். குடலைத் தொட்ட ஆபரேஷன் என்றால் காத்திருக்க வேண்டும். சிறுகுடல் ஒரு நாளுக்குள் வேலையைத் தொடங்கிவிடும், இரைப்பைக்கு ஒன்றிரண்டு நாள், பெருங்குடலுக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். ரவுண்ட்ஸில் ‘கேஸ் போச்சா?’ என்று வெட்கமில்லாமல் கேட்பது இதனால்தான். தண்ணீரில் ஆரம்பித்து, கஞ்சி, ரசம் விட்டுக் குழைத்த சாதம், இட்லி என்று போகலாம். சூடாக இருந்தால் வாசனை எழும்பும். குமட்டல் உள்ளவர்களுக்கு ஆறியதே நல்லது. பசி வராதபோது ‘தெம்புக்கு’ என்று திணிக்க வேண்டாம்.

இஞ்சி, எலுமிச்சை, மணிக்கட்டில் அழுத்துவது இவையெல்லாம் பலன் தருமா?

மணிக்கட்டு விஷயத்துக்கு ஆதாரம் இருக்கிறது. உள்ளங்கைப் பக்கம், மணிக்கட்டு ரேகையிலிருந்து முழங்கையை நோக்கி மூன்று விரல் அகலம் தள்ளி, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே உள்ள இடம். அங்கே அழுத்தம் கொடுப்பது ஆபரேஷனுக்குப் பின் வரும் குமட்டலைக் குறைப்பதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். கெடுதல் இல்லை, கைக்கும் ஒரு வேலை. இஞ்சியில் முடிவுகள் கலவையாக இருக்கின்றன. ரத்தம் உறைவதைப் பாதிக்கலாம் என்பதால் ஆபரேஷனுக்கு முன் இஞ்சி மாத்திரை, லேகியம் எதையும் டாக்டருக்குச் சொல்லாமல் சாப்பிட வேண்டாம். எலுமிச்சம்பழத்தை முகர்ந்தால் எனக்கு நன்றாக இருந்தது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போகும் வழியில்?

ஆட்டோ வேண்டாம். மெட்ரோ வேலைக்காகத் தோண்டிய சாலையும் ஸ்பீட் பிரேக்கரும் தையலுக்கும் ஆகாது, வயிற்றுக்கும் ஆகாது. கார், முன் சீட், சாய்த்து வைத்துக்கொண்டு, தலையணையை வயிற்றுக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் வைத்து. மாலை நெரிசலில் மாட்டிக்கொள்ளாமல் மத்தியானமே கிளம்பினால் புண்ணியம். வாந்தி மாத்திரை எழுதியிருந்தால் புறப்படுவதற்கு அரை மணி முன்னால் போட்டுக்கொள்ளலாமா என்று கேளுங்கள்.

எப்போது உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும்?

தண்ணீர்கூடத் தங்காமல் திரும்பத் திரும்ப வாந்தி, அடர்பச்சையாகத் தொடர்ந்து வருவது, ரத்தமோ காபித் தூள் மாதிரியோ வருவது, வயிறு உப்பிக்கொண்டே போய், வாயுவும் மலமும் நின்றுவிடுவது, காய்ச்சல், குளிர் நடுக்கம், கூடிக்கொண்டே போகும் வலி, சிறுநீர் குறைவது, கண் மஞ்சளாவது. இவற்றில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிட யோசிக்கவும் வேண்டாம்.

பயத்தில் ஆபரேஷனையே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று இருக்கிறது.

எதற்கான ஆபரேஷன் என்று முதலில் பாருங்கள். பித்தப்பைக் கல் நழுவிக் குழாயை அடைத்தாலோ, கணையத்தில் அழற்சி வந்தாலோ, குடலிறக்கத்தில் குடல் மாட்டிக்கொண்டாலோ வரும் வாந்தி, மயக்க மருந்து வாந்தியைப் போல ஒரு நாளில் அடங்காது. அப்போது நடு ராத்திரியில், வயிறு நிறைந்த நிலையில், அவசர ஆபரேஷன் செய்ய வேண்டிவரும். வாந்திக்குப் பயந்து தள்ளிப்போடுவதில் இருக்கும் வேடிக்கை இது.

தள்ளிப்போட அவகாசம் உள்ள ஆபரேஷன் என்றால், அந்த அவகாசத்தைப் பயத்துக்குச் சிகிச்சை எடுக்கப் பயன்படுத்துங்கள். எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும் சிகிச்சை, படிப்படியாகப் பயத்தை எதிர்கொள்ளப் பழக்குவது, இரண்டும் இதற்குப் பலன் தருகின்றன. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, கீழ்ப்பாக்கத்தில் மனநலக் காப்பகத்தின் வெளிநோயாளிப் பிரிவும் இருக்கிறது. அங்கே போனால் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தயங்கினால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். ஆபரேஷன் அடுத்த வாரமே என்றால் இந்தப் பழக்கத்தைப் புதிதாக ஆரம்பிக்க வேண்டாம், நேரம் போதாது. முதல் நாள் ராத்திரி தூங்கவும், தியேட்டருக்குப் போகும் முன் பதற்றம் தணியவும் மருந்து தர முடியுமா என்று மயக்க மருந்து டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாகத் தூக்க மாத்திரை போட்டுக்கொள்ளாதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு இன்டர்நெட்டில் மற்றவர்களின் வாந்திக் கதைகளைத் தேடிப் படிப்பதையும் நிறுத்துங்கள். இந்தப் பக்கத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இனி எப்போதாவது மறுபடி ஆபரேஷன் வந்தால்?

டிஸ்சார்ஜ் சம்மரியில் சர்ஜன் செய்தது விவரமாக இருக்கும், மயக்கம் எப்படிக் கொடுத்தார்கள் என்பது பெரும்பாலும் ஒரு வரிதான் இருக்கும். கிளம்பும் முன் மயக்க மருந்துப் பதிவுத் தாளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். எந்த மருந்து கொடுத்தார்கள், வாந்தி வந்ததா, எந்த ஊசிக்கு நின்றது என்று பின்பக்கம் உங்கள் கையெழுத்தில் எழுதி, ஃபைலில் எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். அடுத்து வரும் மயக்க மருந்து டாக்டர் அதைத்தான் முதலில் படிப்பார்.